முத்துலட்சுமி ரெட்டி பெயரில் ஆண்டுதோறும் உதவித்தொகை: திரட்டிய 6 லட்சத்தை எங்கே, எப்படி வைப்பது?

புதுகை வாசகி

வணக்கம். புதுக்கோட்டைப் பெண்கள் வாசிப்பு வட்டம் ஒன்றின் சார்பில் கேட்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊரிலேயே, அவர் பிறந்த நாளான ஜூலை 30 அன்று, கல்லூரியில் சேரும் மூன்று மாணவிகளுக்கு ஆளுக்கு ரூ.10,000 தருவது திட்டம். அசலைத் தொடாமல் வட்டியில் மட்டும் நடக்க வேண்டும்.

41 பேர் சேர்ந்து ரூ.6 லட்சம் தந்திருக்கிறார்கள். அதில் ரூ.4.7 லட்சம் பொருளாளரின் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது, மீதி ரொக்கம். தெரிய வேண்டியவை:

தனி அறக்கட்டளை பதிய வேண்டுமா? கொடுத்தவர்களுக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி ரசீது எப்படிக் கிடைக்கும்? சிங்கப்பூரில் ஒருவர் (அந்நாட்டுக் குடியுரிமை), துபாயில் ஒருவர் (இந்திய பாஸ்போர்ட்) பணம் அனுப்பத் தயார், வாங்கலாமா? இன்னொருவர் மேலும் ரூ.1 லட்சம் தருகிறார், ஆனால் தன் சமூகத்துப் பெண்களுக்கு மட்டும் என்கிறார்.

நன்கொடை கேட்கும் துண்டறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறோம்: "இந்தியாவின் முதல் பெண் மருத்துவரும், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவியும், தேவதாசி ஒழிப்புச் சட்டத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியவருமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி..." அச்சுக்குப் போகும் முன் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது.

ரசீதுக்கட்டு

மற்றதெல்லாம் இருக்கட்டும் அக்கா, முதலில் பொருளாளர் கணக்கில் இருக்கும் பணத்தைப் பாருங்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் ரூ.50,000-க்கு மேல் ஒருவர் கணக்குக்குச் சும்மா வந்தால், முழுத்தொகையும் அவருடைய வருமானமாகக் கணக்காகும். "நான் பொறுப்பாக வைத்திருக்கிறேன், என் பணமில்லை" என்று விளக்கலாம்தான். ஆனால் நோட்டீஸ் வந்த பிறகு அந்த விளக்கத்துக்கு ஆவணம் தேடி அலைய வேண்டியிருக்கும். நல்லது செய்ய முன்வந்தவருக்கு இந்தச் சுமை வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து மொத்தமாக ஓர் அறக்கட்டளைக்கு அனுப்பினால் ரசீது பொருளாளர் பெயருக்கு வரும். 41 பேரில் 40 பேருக்கு 80ஜி இல்லை.

சரி செய்யும் வழி: எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு, அதே தொகையைத் திருப்பி அனுப்புங்கள். யுபிஐ-யில் வந்தது யுபிஐ-யிலேயே போகட்டும். குறிப்பில் "திருப்பி அனுப்புதல்" என்று போடுங்கள். ரொக்கத்தைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் கொடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் கணக்கிலிருந்து நேராக 80ஜி உள்ள அமைப்புக்கு அனுப்பட்டும். 41 பேருக்கும் இரண்டாவது முறை சொல்வது சங்கடம்தான். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் வேலை, தள்ளிப்போடாதீர்கள்.

ரொக்கம் பற்றி: ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்த நன்கொடைக்கு 80ஜி கிடையாது. பொருளாகத் தந்தாலும் கிடையாது. புத்தகம், தையல் இயந்திரம் தருபவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அறக்கட்டளை: ரூ.6 லட்சத்துக்குத் தனி அறக்கட்டளை வேண்டாம் என்பது என் கருத்து. பத்திரப் பதிவு, பான், அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏபி பதிவு, 80ஜி அங்கீகாரம், ஆண்டுதோறும் ஐடிஆர்-7 வரிக்கணக்கு, நன்கொடையாளர் அறிக்கை, ஆடிட்டர் கட்டணம் என்று வரிசையாக வரும். ஆண்டுக்கு வரும் வட்டியே சுமார் ரூ.39,000 முதல் 42,000 வரைதான். அதில் கணிசமான பங்கு காகிதத்துக்கே போய்விடும். ஏற்கெனவே 12ஏபி, 80ஜி இரண்டும் உள்ள ஒரு கல்லூரி அறக்கட்டளையிலோ தொண்டு நிறுவனத்திலோ, முத்துலட்சுமி ரெட்டி பெயரில் நிரந்தர நிதியாக வையுங்கள். பல இடங்களில் 80ஜி கல்லூரிக்கு இருக்காது, கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு இருக்கும். ரசீதும் வங்கிக் கணக்கும் அந்த அறக்கட்டளையின் பெயரில்தான் இருக்க வேண்டும்.

பிரிவு எண்களைப் பழைய 1961 சட்டப்படியே எழுதுகிறேன், எல்லோர் வாயிலும் அதுதான் இருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியது 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம். அதில் 80ஜி-யின் இடம் பிரிவு 133. படிவ எண்களை ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

காலடி மண்

ரசீதுக்கட்டு சாருடன் ஒரு சின்ன கருத்து வேறுபாடு. ஆறு லட்சத்தோடு நிற்கப் போகிறார்கள் என்றால் அவர் சொல்வது சரி. அடுத்த ஐந்தாண்டில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், சகோதரி சுப்புலட்சுமி, கடலூர் அஞ்சலை அம்மாள் என்று வரிசையாக நிதி வைக்கும் எண்ணம் இருந்தால் சொந்த அறக்கட்டளைதான் நல்லது. நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி வாங்க கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 பதிவும், பெரும்பாலும் மூன்றாண்டுச் செயல்பாடும் கேட்பார்கள். அந்த மூன்றாண்டை இன்று எண்ணத் தொடங்கினால்தான் அன்று கைகொடுக்கும்.

ஆனால் புது அறக்கட்டளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. முதலில் கிடைப்பது மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு. அதை நிரந்தரமாக்க 10ஏபி படிவம் போட வேண்டும். அதற்குக் கெடு, தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, அல்லது செயல்பாடு தொடங்கி ஆறு மாதத்துக்குள், இவற்றில் எது முதலில் வருகிறதோ அது. "மூன்று வருடம் இருக்கிறதே" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் உதவித்தொகை கொடுத்த நாளிலேயே ஆறு மாதக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஜூலை 30-ல் முதல் விழா என்றால் அடுத்த ஜனவரி 30-க்கு முன் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். 12ஏபி-க்கு ஒன்று, 80ஜி-க்கு ஒன்று, இரண்டும் தனித்தனி விண்ணப்பம்.

சாதி நிபந்தனை: வாங்கவே வாங்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று அமைப்பின் நோக்கம் இருந்தால் 80ஜி தகுதி போய்விடும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலனுக்கு என்றால் தடையில்லை, சட்டமே அதைத் தனியாகச் சொல்கிறது. அதனால் "மாணவிகளுக்கு மட்டும்" என்பது பிரச்சினையில்லை, "எங்கள் சாதி மாணவிகளுக்கு மட்டும்" என்பதுதான் பிரச்சினை.

சட்டத்தை விடுங்கள். முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர், தந்தை நாராயணசாமி பிராமணர். சாதி பார்த்து விடுதிகள் இடம் மறுத்த சிறுமிகளுக்காக அவர் கட்டியதுதான் அவ்வை இல்லம். அவர் பெயரில் சாதி கேட்டு ஒரு விண்ணப்பப் படிவம் அச்சாவது அவருக்குச் செய்யும் அவமரியாதை. லட்ச ரூபாய் போனால் போகட்டும்.

அக்கரைச் சீமை

வெளிநாட்டுப் பணம் பற்றி மட்டும். பார்க்க வேண்டியது குடியுரிமையை, வசிக்கும் ஊரை அல்ல.

துபாய்க்காரர் இந்தியக் குடிமகன். தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஈ அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து அறக்கட்டளையின் சாதாரணக் கணக்குக்கே அனுப்பலாம். பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை ரசீதோடு சேர்த்து வையுங்கள். நாளை யாராவது கேட்டால் அதுதான் சாட்சி.

சிங்கப்பூர்க்காரர் அந்நாட்டுக் குடிமகன். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டு மூலம்தான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே அவரிடம் வாங்க முடியும். அதுவும் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். புதிதாக எஃப்சிஆர்ஏ பதிவு கேட்க, அமைப்புக்கு மூன்று ஆண்டு வயதும், அந்த மூன்றாண்டில் நோக்கத்துக்காக ரூ.15 லட்சம் செலவழித்த கணக்கும் வேண்டும். இன்னொரு எஃப்சிஆர்ஏ அமைப்பு வாங்கி உங்களுக்குத் தள்ளிவிடவும் முடியாது. 2020 திருத்தம் அதை முழுதாக நிறுத்திவிட்டது.

கட்டாயம் யாராவது இந்த யோசனை சொல்வார்கள்: "ஊரில் இருக்கும் தம்பி கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன், அவன் கொடுக்கட்டும்." உறவினருக்குச் சொந்தச் செலவுக்கு அனுப்புவது வேறு. அதை நன்கொடையாகக் கைமாற்றினால் அது வெளிநாட்டுப் பணமாகவே கருதப்படும். சிக்கிக்கொள்வது பணத்தை வாங்கிய அமைப்பு. அவரிடம் அன்போடு மறுத்துவிடுங்கள். அவர் ஊர் வரும்போது மாணவிகளுக்கு ஒரு மாலை வழிகாட்டிப் பேசட்டும், அதற்கு எந்தப் பதிவும் வேண்டாம்.

பழைய அரசிதழ்

துண்டறிக்கையை நிறுத்துங்கள் தோழி. மூன்று தகவலும் தவறு. அவரைக் கொண்டாட நினைத்து, அவருக்கு முன்னால் நடந்த பெண்களின் பெயரை அழித்துவிடுகிறோம்.

முதல் பெண் மருத்துவர் இல்லை. ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவிலும் காதம்பினி கங்கூலி கல்கத்தாவிலும் 1886-லேயே தகுதி பெற்றுவிட்டார்கள். அது முத்துலட்சுமி பிறந்த ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவியும் இல்லை. மேரி ஷார்லிப் 1870-களிலேயே அங்கே படித்தார். தேவதாசி முறை ஒழிப்பில் அவர் கொண்டுவந்து 1929-ல் நிறைவேறியது, கோயில் பணியோடு கட்டப்பட்டிருந்த இனாம் நிலங்களிலிருந்து அந்தப் பெண்களை விடுவித்த திருத்தம். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுதலையே தடை செய்யும் மசோதாவை அவர் கொண்டுவந்தார். ஆனால் 1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவி விலகிவிட்டார். சட்டம் வந்தது 1947-ல், ஓமந்தூரார் ஆட்சியில். இடைப்பட்ட காலத்தில் ஊர் ஊராகப் பேசிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது.

சரியானதைப் போட்டாலே போதும், அதுவே மலைக்க வைக்கும். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்த முதல் பெண். 1912-ல் சென்னையில் மருத்துவப் பட்டம். 1927-ல் சென்னை சட்டமன்ற மேலவை உறுப்பினர், அதன் முதல் பெண் துணைத்தலைவர். "இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்" என்று எழுதுவதானால் "பிரிட்டிஷ் இந்தியாவின்" என்று திருத்துங்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அவருக்கு முன்பே மேரி புன்னன் லூக்கோஸ் உறுப்பினராக இருந்தார்.

நன்கொடை கேட்கும் தாளில் நான் முதலில் சொல்வது அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத்தான். 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதி மூலம் பொதுமக்களிடம் பணம் திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67. நன்கொடை கேட்பதற்கு இதைவிட வலுவான முன்னுதாரணம் வேறு ஏது?

புதுகை வாசகி

எல்லோருக்கும் நன்றி. துண்டறிக்கையை நிறுத்திவிட்டோம், பணத்தைத் திருப்பும் வேலை இன்றே தொடங்குகிறது. சாதி நிபந்தனைக்கு "வேண்டாம்" என்று சொல்லியாகிவிட்டது. 80ஜி உள்ள ஒரு கல்லூரி அறக்கட்டளை நிதியை ஏற்கத் தயாராக இருக்கிறது. ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்? "கார்பஸ்" (நிரந்தர மூலதனம்) என்று ரசீதில் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள், அது போதுமா?

ரசீதுக்கட்டு

போதாது. அவர்கள் ரசீதில் என்ன போட்டாலும் அது வாங்கியவர் வார்த்தை. சட்டம் கேட்பது கொடுத்தவரின் எழுத்துபூர்வமான கட்டளை. அது இல்லாவிட்டால் பணம் அந்த ஆண்டின் சாதாரண வருமானம். அதில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவழித்தாக வேண்டிய கட்டாயம் வரும். உங்கள் அசல் கரைவது இப்படித்தான், கெட்ட எண்ணத்தால் அல்ல. 41 பேரும் பணம் அனுப்பும் அதே நாளில் ஆளுக்கொரு கடிதம் தரட்டும். இவ்வளவு போதும்:

"என் கணக்கிலிருந்து இன்று அனுப்பிய ரூ.____, பரிமாற்ற எண் ____. இத்தொகை 'டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மாணவியர் உதவி நிதி'யின் நிரந்தர மூலதனமாக மட்டுமே வைக்கப்பட வேண்டும். அசலைச் செலவிடக் கூடாது. இதன் வட்டி, கல்லூரியில் சேரும் மாணவியரின் உதவித்தொகைக்கு மட்டுமே பயன்பட வேண்டும்." கீழே பெயர், முகவரி, பான், கையொப்பம், தேதி.

பெயர், முகவரி விட்டுப்போன நன்கொடைகளை வாங்கும் அமைப்பு பெயரில்லா நன்கொடை என்று கணக்கிட வேண்டிவரும். அத்தகையவை ரூ.1 லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு, இரண்டில் பெரியதைத் தாண்டினால் மிகுதிக்கு 30 விழுக்காடு வரி. "என் பெயர் வெளியில் தெரிய வேண்டாம்" என்பவர்களிடமும் விவரம் வாங்குங்கள். பெயர்ப்பலகையில் போடாமல் விட்டால் போதும், பதிவேட்டில் இருக்கத்தான் வேண்டும்.

நிதியாண்டு முடிந்ததும் அறக்கட்டளை நன்கொடையாளர் விவரம் அடங்கிய 10பிடி அறிக்கையை மே 31-க்குள் போட்டு, ஒவ்வொருவருக்கும் 10பிஈ சான்றிதழ் தர வேண்டும். தாமதத்துக்கு நாளுக்கு ரூ.200. பான் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் சான்றிதழ் வேறொருவர் பெயருக்குப் போய்விடும். அதனால் பான் அட்டையின் படத்தையே வாங்கி, அதைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அடித்து அனுப்பும் எண்ணில் ஓ என்ற எழுத்தும் பூஜ்யமும் இடம் மாறிவிடுகின்றன.

கொடுப்பவர்களிடம் சலுகையை மிகைப்படுத்திச் சொல்ல வேண்டாம். பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான் 80ஜி. இதுபோன்ற நிதிக்குப் பாதித் தொகைதான் கழிவு, அதுவும் வருமானத்தில் 10 விழுக்காடு என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு. ரூ.10,000 தந்தவர் 20 விழுக்காட்டு அடுக்கில் இருந்தால் மிச்சமாவது, செஸ் சேர்த்து ரூ.1,040. புதிய முறையில் ஒன்றும் இல்லை.

காலடி மண்

ஒப்பந்தத்தில் நான் விடாமல் கேட்பவை இவை. இந்த நிதிக்கென்றே தனி வைப்புநிதி ரசீது, வங்கியில் மட்டும். நிதி நிறுவனம், சீட்டு, தங்கம் எதுவும் கூடாது. ஆண்டுக்கொருமுறை அந்த வைப்புநிதி ரசீதின் நகலை உங்களுக்குத் தர வேண்டும். உதவித்தொகையை முழு வட்டியின் அடிப்படையில் கணக்கிட வேண்டும். இது முக்கியம்: வங்கி அந்த அறக்கட்டளையின் எல்லா வைப்புகளையும் சேர்த்துப் பார்த்து 10 விழுக்காடு டிடிஎஸ் (வட்டி தரும்போதே கழிக்கும் வரி) பிடிக்கும், அது வரிக்கணக்கு போட்ட பிறகுதான் திரும்ப வரும். இதை எழுதாவிட்டால் ரூ.39,000 வட்டியில் ரூ.35,100தான் வந்தது என்று கையை விரிப்பார்கள். கல்லூரி மூடப்பட்டாலோ கைமாறினாலோ நிதி எந்த அறக்கட்டளைக்குப் போக வேண்டும் என்றும் பெயரோடு எழுதுங்கள்.

தேர்வுக் குழு ஐந்து பேர் இருக்கட்டும். கல்லூரித் தரப்பில் இருவர், உங்கள் வட்டத்தில் இருவர், வெளியிலிருந்து ஓர் ஆசிரியை. நன்கொடையாளர், குழுவினர் ஆகியோரின் குடும்பப் பெண்களுக்குத் தகுதி இல்லை என்று முதல் கூட்டத்திலேயே பதிவு செய்யுங்கள். பிறகு சொன்னால் மனக்கசப்பு.

பணத்தை எதற்குத் தருவது என்பதையும் யோசியுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேரும் மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 ஏற்கெனவே வருகிறது. அதுவும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள திட்டம்தான். அந்த ஆயிரத்தால் தீராதது சேரும் மாதத்தில் ஒரே மூச்சில் வரும் செலவு: விடுதி முன்பணம், சீருடை, நர்சிங் மாணவி என்றால் வெள்ளை அங்கியும் காலணியும். உங்கள் ரூ.10,000 அந்த மாதத்தில் போய்ச் சேர்ந்தால்தான் பயன். விழா ஜூலை 30-ல் நடக்கட்டும், பணத்தைச் சேர்க்கை நாளிலேயே வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். மேடையில் பெரிய காசோலை அட்டையும், "ஏழை மாணவி" என்ற அறிவிப்பும் வேண்டாம்.

புதுகை வாசகி

கடைசியாக ஒன்று. வட்டி விகிதம் குறைந்தால் மூன்று பேருக்குத் தர முடியாமல் போகுமே?

ரசீதுக்கட்டு

போகும். அதற்குத்தான் முதல் ஆண்டிலிருந்தே முழு வட்டியையும் செலவழிக்கக் கூடாது. 6.5 விழுக்காட்டில் ரூ.6 லட்சத்துக்கு ஆண்டு வட்டி ரூ.39,000. ரூ.30,000 மாணவிகளுக்கு, ரூ.9,000 அசலோடு சேரட்டும். வட்டி 5 விழுக்காட்டுக்கு இறங்கினாலும் அந்த ஆண்டு ரூ.30,000 வந்துவிடும், சேர்ப்புதான் நிற்கும். அதற்கும் கீழே போனால் தொகையைக் குறைக்காமல் இரண்டு பேருக்குக் கொடுங்கள். விலைவாசியை இந்த ரூ.9,000 ஈடுகட்டாது என்பதால் ஆண்டுதோறும் புதிதாகச் சில ஆயிரங்கள் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வைப்புநிதியை ஐந்தாண்டுக்குப் போட்டு விகிதத்தைப் பூட்டிவிடுங்கள், முதிர்வில் தானாகப் புதுப்பிக்கும்படி. வட்டியை ஆண்டுக்கொருமுறை வாங்கும் வகையைத் தேர்ந்தெடுத்து, மே மாதத்தில் கணக்கைத் தொடங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மே மாதமும் வட்டி கணக்கில் விழும், சேர்க்கை தொடங்கும்போது பணம் தயாராக இருக்கும். ஜூலையில் தொடங்கினால் விழா முடிந்த பிறகுதான் வட்டி வரும், கல்லூரி கைப்பணம் போட வேண்டியிருக்கும். முதல் ஆண்டுக்கு மட்டும் வட்டி இருக்காது. அந்த ரூ.30,000-ஐ மூலதனக் கடிதம் இல்லாமல், "இவ்வாண்டு உதவித்தொகைக்கு" என்று தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.